‘ரன்’னுக்கு எத்தனை அர்த்தமுங்க? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர்கள், அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிறவர்கள். மற்றவர்கள் மில் சூப்பர்வைசர்கள், லாரி வைத்திருப்பவர்கள், பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள். எல்லோரையும் ஒரே மாதிரி தடுக்கி விழ வைக்கும் சொல் ‘ரன்’. அதைப் பற்றி வகுப்பில் வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

‘ரன்’ என்றால் ஓடு. இதில் கேட்க என்ன இருக்கிறது?

காலால் ஓடுவது அதன் அர்த்தங்களில் ஒன்று, அவ்வளவுதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தபோது, வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள் தேறின. 2011ல் இது செய்தியாகவே வந்தது. அந்த ஒரு சொல்லுக்காக பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் ஒன்பது மாதத்துக்கு மேல் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்.

எண்ணிக்கையைக் கேட்டு மலைக்க வேண்டாம். 645ஐயும் யாரும் மனப்பாடம் செய்வதில்லை, வெள்ளைக்காரரும் செய்வதில்லை. அதோடு, நம்ம பக்கத்து ஆளுக்கு அதில் பெரும்பகுதி பிறந்ததிலிருந்தே பழக்கம். மில் ஓடுது, மோட்டார் ஓடுது, தறி ஓடுது, வண்டி ஓடுது, படம் ஓடுது, பொழப்பு ஓடுது என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். இதில் எதற்குக் கால் இருக்கிறது? தமிழ் ‘ஓடு’ எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் துணிந்து ‘ரன்’ போட்டுப் பாருங்கள், பத்துக்கு ஏழு முறை சரியாக இருக்கும். மீதி மூன்றுக்குத்தான் இந்தப் பக்கம்.

இதற்கு முன்னால் அதிக அர்த்தம் எந்தச் சொல்லுக்கு இருந்தது?

‘செட்’டுக்கு. 1989ல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்குச் சுமார் 430 பொருள்கள். பழைய வினாடி வினா புத்தகங்களில் இன்னும் ‘செட்’தான் விடையாக இருக்கும், பிள்ளைகள் கவனிக்கவும்.

‘ரன்’ எங்கிருந்து வந்தது? லத்தீனா?

இல்லை. இது ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து, ஜெர்மானியக் குடும்பத்துச் சொல். பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’ என்று இருந்தது. மனிதன் ஓடுவதற்கும் தண்ணீர் ஓடுவதற்கும் அந்த ஒரே சொல். ஐரோப்பாவின் ரைன் நதி இருக்கிறதே, அந்தப் பேரே ‘ஓடுவது’ என்ற பொருளில், இதே வேரோடு தொடர்புடையது என்று மொழி ஆராய்ச்சியாளர்கள் சொல்வார்கள்.

‘ரின்னன்’ ஒரு கட்டத்தில் எழுத்து இடம் மாறி ‘இர்னன்’ என்றும் ஆனது. தசை ‘சதை’ ஆகவில்லையா? பள்ளிக்கூடத்தில் இலக்கணப்போலி என்று படித்திருப்பீர்கள், அதே கதைதான். அப்புறம் 9ஆம் நூற்றாண்டில் வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வந்து குடியேறினார்கள். அவர்கள் பேச்சில் இதன் பங்காளிச் சொல் ‘ரென்னா’ என்று ‘ர’ முன்னால் நின்று ஒலித்தது. அந்தப் பழக்கம் ஆங்கிலத்தையும் திரும்ப இழுத்துவந்து ‘ர’வில் நிறுத்தியது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி வேறு. நமக்கு ‘ஓடு’ என்றும் ‘ஓட்டு’ என்றும் இரண்டு வினை இருக்கின்றன. தானாக நடந்தால் ஓடு, நடத்தி வைத்தால் ஓட்டு. ஆடு, ஆட்டு கூட அப்படித்தான். கிரைண்டர் ஆடும், நாம் மாவு ஆட்டுவோம். பழைய ஆங்கிலத்திலும் இந்த ஜோடி இருந்தது. ஓடுவதற்கு ‘ரின்னன்’, ஓட வைப்பதற்கு அதிலிருந்தே பிறந்த இன்னொரு வினை. குதிரையை விரட்டிச் சவாரி செய்வதற்கு அந்த இரண்டாவதைச் சொன்னார்கள். காலப்போக்கில் இரண்டும் உருகி ஒன்றாகி ‘ரன்’ என்று நின்றுவிட்டன. ஜெர்மன் மொழியில் இன்றும் தனித்தனியாக இருக்கின்றன: ‘ரின்னென்’ என்றால் வழிந்தோடுவது, ‘ரென்னென்’ என்றால் ஓடுவது. இப்படிப்பட்ட ஜோடிகள் ஆங்கிலத்தில் வேறு சில தப்பிப் பிழைத்தன. ‘ஃபால்’ விழுவது, ‘ஃபெல்’ மரத்தை வீழ்த்துவது. ‘சிட்’ உட்காருவது, ‘செட்’ உட்கார வைப்பது. ஆக, முதலிடத்தை இழந்த ‘செட்’டும் ஒரு ‘ஓட்டு’ வகைச் சொல்தான்.

ஆகவே ‘ரன்’ வரும் வாக்கியத்தைப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இது ஓடுகிறதா, ஓட்டப்படுகிறதா? பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

‘ரன், ரேன், ரன்’ என்று முதலும் மூன்றாவதும் ஏன் ஒரே மாதிரி?

மூன்றாவது வடிவத்தில்தான் முதலில் ‘உ’ ஒலி இருந்தது. நிகழ்காலத்துக்கு ‘ரின்’, ‘ரென்’ என்று பல வடிவங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. கடைசியில் மூன்றாவதின் உயிரொலி முதலாவதற்குள்ளும் புகுந்துவிட்டது. அதனால் ‘ஐ ஹேவ் ரேன்’ தப்பு, ‘ஐ ஹேவ் ரன்’ சரி. இந்த ஒரு தப்பு மெயிலில் கண்ணில் படாத வாரம் இல்லை.

துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் ‘த கலர் ரன்ஸ்’ என்று கம்ப்ளெயின்ட் எழுதியிருக்கிறார். கலர் எப்படி ஓடும்?

தண்ணீர் ஓடுவது போல. சாயம் போகுது என்று நாம் சொல்வதை அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். வெள்ளை டீ-ஷர்ட், கழுத்தில் சிவப்பு ரிப், அதாவது வரிவரியாகப் பின்னிய பட்டி. ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்ததும் ரிப்பை ஒட்டி, விரல் அகலத்துக்கு ரோஸ் கலரில் ஒரு வளையம் வெள்ளைத் துணியில் இறங்கியிருக்கும். சாயம் அப்படி இறங்குவதன் பேர்தான் ‘ரன்’. ‘பிளீட்’ என்றும் எழுதுவார்கள். சாயப்பட்டறைக்கு இதை அனுப்பும்போது ‘கலர் ஃபாஸ்ட்னஸ்’ ரிப்போர்ட்டும் சேர்த்துக் கேட்பார்கள். அங்கே ‘ஃபாஸ்ட்’ என்பதற்கு வேகம் என்று பொருள் இல்லை. உறுதி, பிடிப்பு என்று பொருள். ஓடுவதும் ‘ஃபாஸ்ட்’டும் ஒரே மெயிலில் வந்து, இரண்டுமே வேகத்தைக் குறிக்காமல் போவதைப் பார்த்து ஒரு புதுப் பையன் தலையைப் பிடித்துக்கொண்டான்.

தண்ணீர் சார்ந்த இந்தப் பொருள் பழசு, ஆழமானது. மூக்கு ஒழுகினால் ‘ரன்’, மை பரவினால் ‘ரன்’, குழாய் திறந்திருந்தால் ‘ரன்’. பாலைத் திரித்துச் சீஸ் செய்ய ஒரு பொருள் ஊற்றுவார்களே, ‘ரென்னெட்’, அதுகூட இதே வேர்தான். பால் ஒன்றுகூடி ஓடித் திரண்டுவிடுகிறது என்று பார்த்திருக்கிறார்கள்.

துணியில் இன்னொரு ‘ரன்’னும் உண்டு. பெண்கள் போடும் மெல்லிய ஸ்டாக்கிங்ஸில் ஒரு கண்ணி விட்டுப்போய் ஏணி மாதிரி நீளமாகக் கிழிந்து இறங்குவதை அமெரிக்கர்கள் ‘ரன்’ என்பார்கள், ஆங்கிலேயர்கள் ‘லேடர்’ என்பார்கள். நிட்டிங் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஓடைக்கும் ‘ரன்’ என்று பேர் உண்டாமே?

உண்டு. அமெரிக்காவின் சில பகுதிகளில் சிற்றோடையை ‘ரன்’ என்றே சொல்கிறார்கள். உள்நாட்டுப் போரில், 1861ல், முதல் பெரிய சண்டை நடந்த இடம் வர்ஜீனியாவின் ‘புல் ரன்’. காளை ஓட்டம் என்று மொழிபெயர்த்து நம்ம ஊர் ரேக்ளா பந்தயத்தோடு சேர்த்துவிடாதீர்கள். அது ஓர் ஓடையின் பேர். கோவையில் ஓடும் ஓடையை நாம் சங்கனூர்ப் பள்ளம் என்று சொல்கிறோமே, அந்த மாதிரி. ‘ஓடு’விலிருந்து ‘ஓடை’ வந்ததும் ‘ரன்’ என்ற வினை ஓடைக்குப் பெயரானதும் ஒரே யோசனை, இரண்டு இடத்தில் தனித்தனியாக வந்திருக்கிறது.

இயந்திரம் ‘ரன்’ ஆவது எப்போது தொடங்கியது?

16ஆம் நூற்றாண்டிலேயே, இயந்திரம் தன் போக்கில் இயங்குவதற்கு ஆங்கிலத்தில் ‘ரன்’ சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அந்தப் பொருள் காடு மாதிரி வளர்ந்தது தொழிற்புரட்சிக்குப் பிறகு. ரயில், நூற்பு எந்திரம், அச்சு எந்திரம், அப்புறம் மோட்டார், அப்புறம் கம்ப்யூட்டர் என்று புதிதாக வந்த ஒவ்வொன்றும் ‘ரன்’னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அமைதியாக உட்கார்ந்திருக்கும் ‘செட்’டை இது முந்தியதற்கு இயந்திரங்களே பெரிய காரணம் என்று சொல்கிறார்கள், எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

கொங்கு நாட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஏர் ஓட்டினோம், கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டினோம். 1888ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோயம்புத்தூரில் முதல் நூல் மில்லைத் தொடங்கினார். 1932ல் பைக்காரா மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கி வந்ததும் மில்கள் மளமளவென்று பெருகின, கிணற்று மேட்டில் கவலை நின்று பம்ப் செட் வந்தது. புதிதாக வந்த இதற்கெல்லாம் யாரும் புது வினைச்சொல் தேடவில்லை. மாட்டுக்கும் ஏருக்கும் சொன்ன அதே ‘ஓடு, ஓட்டு’ அப்படியே மோட்டாருக்கு மாறியது. சோமனூரிலும் பல்லடத்திலும் ‘தறி ஓட்டுறேனுங்க’ என்று ஒருவர் சொன்னால் அது அவர் வேலை, அவர் தொழில், அவர் வருமானம் எல்லாம் சேர்ந்த பதில். ஆங்கிலத்தில் ‘ஐ ரன் லூம்ஸ்’ என்றால் கிட்டத்தட்ட அதே கனம் வந்துவிடும்.

சரவணம்பட்டி ஐ.டி. பிள்ளைகள் ‘கோட் ரன் ஆகல’ என்பதும் இதே வரிசையில் கடைசியாக வந்து நிற்கிறது. விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் பெட்டியின் பேரே ‘ரன்’தான்.

கார் ஓட்டுவது ‘டிரைவ்’, கம்பெனி ஓட்டுவது ‘ரன்’. எப்படிப் பிரிப்பது?

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் போய் ஒரு லாரி முதலாளியைக் கேளுங்கள். ‘அண்ணன் எத்தனை வண்டி ஓட்டறீங்க?’ என்றால் ‘நாலு வண்டி ஓட்டறனுங்க’ என்பார். ஒரே நேரத்தில் நாலு ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். வண்டி வாங்கி, டிரைவர் போட்டு, லோடு பிடித்து, டயர் மாற்றி, தவணை கட்டி நடத்துகிறார் என்று அர்த்தம். அது ‘ரன்’. அவரிடம் சம்பளத்துக்கு இருக்கும் டிரைவரும் வண்டி ‘ஓட்டுகிறார்’. அது ‘டிரைவ்’.

ஜி.டி.நாயுடு 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். தமிழில் ‘ஓட்டினார்’ என்றால் முடிந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் நீங்கள் முடிவு செய்ய வேண்டும். அவர் தானே ஸ்டியரிங் பிடித்தார், ஆகவே ‘டிரோவ்’. பஸ் சர்வீஸ் அவருடையது, ஆகவே ‘ரேன்’. அவர் விஷயத்தில் இரண்டும் சரி.

பிரிட்டனில் ‘ஹீ ரன்ஸ் எ கார்’ என்றும் ஒரு வழக்கு உண்டு. கார் வைத்துப் பராமரிக்க வசதி இருக்கிறது, பெட்ரோலுக்கும் இன்ஷூரன்சுக்கும் தாங்குகிறது என்று பொருள். நாமக்கல் வழக்கேதான். கடை, பள்ளிக்கூடம், கம்பெனி ஆகியவற்றை நடத்துவதற்கு ‘ரன்’ போடும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவிலிருந்து வந்தது. அதனால் வயசான ஆங்கில வாத்தியார்கள் சிலர் இன்றும் ‘மேனேஜ்’ என்று திருத்துவார்கள். திருத்த வேண்டியதில்லை.

‘ரன் ஆஃப் த மில்’ என்றால் மில் ஓட்டமா?

இது நம்ம ஊர்ச் சொல் மாதிரி இருக்கும், ஆனால் அமெரிக்கச் சொல். இங்கே ‘ரன்’ என்பது மில்லிலிருந்து ஒரு ஓட்டத்தில் வெளியே வரும் சரக்கு. தரம் பிரிப்பதற்கு முன்னால் எப்படி வந்ததோ அப்படியே கிடக்கும் உற்பத்தி. சுரங்கத்தில் வெட்டி எடுத்த கனிமத்துக்கு ‘ரன் ஆஃப் மைன்’ என்பார்கள், அதே அச்சு.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலி வேறு, கிழங்கு வேறு என்று பிரித்துத்தான் ஏலத்துக்கு வைப்பார்கள். பிரிப்பதற்கு முன்னால் களத்தில் வேகவைத்துக் காயப் போட்டிருக்கும் மொத்தக் குவியலை நினைத்துக்கொள்ளுங்கள். நல்லதும் இருக்கும், சுமாரும் இருக்கும், தனியாகச் சொல்ல ஒன்றும் இருக்காது. அதிலிருந்துதான் ‘சாதாரணமான, விசேஷம் இல்லாத’ என்ற இன்றைய பொருள் வந்தது.

மெர்ச்சண்டைசர்களுக்கு ஓர் எச்சரிக்கை: உங்கள் துணியைப் பற்றிப் பையருக்கு எழுதும்போது இந்தச் சொல்லைத் தொடாதீர்கள். ‘மில்லிலிருந்து நேராக வந்தது’ என்று பெருமையாகச் சொல்வதாக நினைத்து ஒருவர் எழுதினார். அந்தப் பக்கம் ‘எங்கள் துணி ரொம்பச் சாதாரணம்’ என்று படித்திருப்பார்கள்.

‘ரன்னிங் மீட்டர்’ ஏன் ‘ரன்னிங்’?

அகலத்தைக் கணக்கில் எடுக்காமல் நீளத்தை மட்டும் அளந்துகொண்டே போவதால். நீண்டுகொண்டு போவதற்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ வரும். துணிக்காரரும் சொல்வார், காம்பவுண்டு சுவர் கட்டும் கான்ட்ராக்டரும் சொல்வார்.

தமிழ் ‘ஓடு’ கைவிடும் இடங்களில் இது முக்கியமானது. தேசிய நெடுஞ்சாலை 544 சேலத்திலிருந்து கோவை வழியாகக் கொச்சிப் பக்கம் ‘போகிறது’ என்போம். சாலை ஓடுகிறது என்று நாம் பொதுவாகச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் சாலை, வேலி, மலைத்தொடர், வாய்க்கால், சுவரில் விட்ட விரிசல் எல்லாம் ‘ரன்’தான். ஈரோட்டுக் காளிங்கராயன் வாய்க்காலுக்கு மட்டும் சிக்கல் இல்லை, தண்ணீராகப் பார்த்தாலும் கோடாகப் பார்த்தாலும் ‘ரன்’.

தேர்தலில் ‘ரன்’ பண்ணுவதா, ‘ஸ்டாண்டு’ பண்ணுவதா?

அமெரிக்காவில் ஓடுவார்கள், பிரிட்டனில் நிற்பார்கள். அதிபர் பதவிக்கு ‘ரன் ஃபார் பிரசிடென்ட்’, நாடாளுமன்றத்துக்கு ‘ஸ்டாண்டு ஃபார் பார்லிமென்ட்’. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தேர்தலைக் குதிரைப் பந்தயம் மாதிரிப் பேசத் தொடங்கியதில் ‘ரன்’ ஒட்டிக்கொண்டது. நாம் ‘எலக்ஷன்ல நிக்கறார்’ என்கிறோம், அதாவது பிரிட்டன் கட்சி. அவர் நிற்கிறார், நாம் ஓட்டுப் போடுகிறோம் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த ‘ஓட்டு’ ஆங்கில ‘வோட்’டிலிருந்து வந்தது, ஓடுவதோடு சொந்தம் இல்லை.

கிரிக்கெட்டில் ஓடாமலே நாலு ‘ரன்’ எப்படி?

ஆரம்பத்தில் ஓடினால்தான் கணக்கு. ஒரு கோட்டிலிருந்து எதிர்க் கோட்டுக்கு 58 அடி. பிட்ச் 22 கெஜம், அதாவது 66 அடி. இரண்டு முனையிலும் ஸ்டம்பிலிருந்து 4 அடி முன்னால் கோடு இருப்பதால் 8 அடி கழிகிறது. கணக்கு வைப்பவர் கையில் ஒரு குச்சி இருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கத்தியால் ஒரு வெட்டு. அந்த வெட்டின் பேர் ‘நாட்ச்’, அதனால் அந்தக் காலத்தில் ‘இருபது நாட்ச்’ என்றே ஸ்கோர் சொன்னார்கள். 18ஆம் நூற்றாண்டில் ‘ரன்’ அந்த இடத்துக்கு வந்தது. பவுண்டரிக்கு நாலு என்று பிற்பாடு விதி வைத்தபோது, ஓட்டம் போய்விட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது.

பேங்க் ‘ரன்’ என்று செய்தியில் வருகிறதே?

பணம் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்க ஓடுவது. 2007 செப்டம்பரில் இங்கிலாந்தின் நார்தர்ன் ராக் வங்கி வாசலில் அப்படி வரிசை நின்றது. எந்த வங்கியும் எல்லோர் பணத்தையும் ரொக்கமாகப் பெட்டியில் வைத்திருக்காது, கடன் கொடுத்திருக்கும். அதனால் வதந்தியே வங்கியைக் கவிழ்த்துவிடும். சீட்டுக் கம்பெனி வாசலில் ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டம் கூடியதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

கரண்ட், கொரியர், கர்சர் எல்லாம் ‘ரன்’ குடும்பமா?

பொருளால் சொந்தம், ரத்தத்தால் இல்லை. இவை லத்தீனின் ‘குர்ரெரே’ என்ற வினையிலிருந்து வந்தவை. அதற்கும் ‘ஓடு’ என்றுதான் அர்த்தம். கரண்ட் என்றால் ஓடிக்கொண்டிருப்பது. தமிழில் மின்னோட்டம் என்று வைத்தவர் சரியாகத்தான் வைத்திருக்கிறார். கொரியர் ஓடிப்போய்க் கொடுப்பவர். கர்சர் திரையில் ஓடுவது. கரன்சி கை மாறி ஓடுவது. காரிடார், கோர்ஸ் இரண்டும் அதே வீட்டுப் பிள்ளைகள். ‘கார்’ கூட, இன்னும் பின்னால் போனால், இந்த வேரில்தான் போய் முட்டும் என்பார்கள்.

ஆகவே ‘கரண்ட் இல்லாம மோட்டார் ஓடல’ என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தில் லத்தீன் ஓட்டம் ஒன்று, தமிழ் ஓட்டம் ஒன்று.

‘ரன் இன்ட்டு’, ‘ரன் ஓவர்’, ‘ரன் அவுட்’ எல்லாம் ஒன்றாகக் குழம்புகிறது.

இதற்குக் குறுக்கு வழி கிடையாது, பழக்கம்தான். அதிகம் தேவைப்படுவதை மட்டும் சொல்கிறேன்.

‘ரன் அவுட் ஆஃப்’ என்றால் தீர்ந்துபோவது. நூல் தீர்ந்துவிட்டது என்று எழுத ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் யார்ன்’. இன்னும் தீரவில்லை, ஆனால் பத்தாது என்றால் ‘ரன்னிங் ஷார்ட்’. இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் பையர் பதறிப்போய் போன் போடுவார்.

‘ரன் இன்ட்டு’ என்பதில் கண்ணி இருக்கிறது. ஒருவரைத் தற்செயலாகச் சந்திப்பதற்கும் அதுதான், போய் மோதுவதற்கும் அதுதான். அவிநாசி ரோட்டில் மாமாவைப் பார்த்தேன் என்று சொல்ல நினைத்து ‘ஐ ரேன் இன்ட்டு மை அங்கிள்’ என்றால் பெரும்பாலும் சரியாகவே புரிந்துகொள்வார்கள். அதே வாக்கியத்தில் நீங்கள் பைக்கில் போனதாகவும் சேர்த்தால், மாமாவுக்கு அடி பலமா என்று கேட்பார்கள். ‘ரன் ஓவர்’ இன்னும் மோசம், அது மேலே ஏற்றிவிடுவது. ஆனால் மீட்டிங் ‘ரன் ஓவர்’ ஆனால் யாருக்கும் அடியில்லை, நேரம் தாண்டிப்போயிற்று என்று மட்டும்தான்.

‘ரன்னிங் நோஸ்’ தப்பா?

இந்தியாவில் எல்லா டாக்டரும் எழுதுகிறார்கள், எல்லோருக்கும் புரிகிறது. வெளிநாட்டில் ‘ரன்னி நோஸ்’. காய்ச்சல் அடித்தால் ‘ரன்னிங் எ டெம்பரேச்சர்’. வயிறு கெட்டுப்போனால் ‘த ரன்ஸ்’, ஆனால் அது நெருங்கிய நண்பரிடம் சொல்வது. லீவ் லெட்டரில் வேண்டாம்.

நாம் பேச்சில் சொல்லும் ‘ரன்னிங்’ எல்லாம் வெளியூரில் புரியுமா?

பாதி புரியாது. ‘ரன்னிங்ல ஏறாதீங்க’ என்று கண்டக்டர் சத்தம் போடுவாரே, அதற்கு ஆங்கிலத்தில் ‘மூவிங் பஸ்’. ‘ரன்னிங் ரேஸ்’ என்பதும் நாம் செய்தது, அவர்களுக்கு ‘ரேஸ்’ என்றாலே போதும்.

ரயில்வே ஆட்களின் ‘ரன்னிங் ரூம்’ தனி ரகம். ஈரோடு ஜங்ஷன் பக்கம் ரயில்வே குடும்பத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இது தெரியும். என்ஜின் ஓட்டுபவரும் கார்டும் ‘ரன்னிங் ஸ்டாஃப்’. ஒரு வண்டியிலிருந்து இறங்கி அடுத்த வண்டி ஏறும்வரை அவர்கள் படுத்துத் தூங்கும் இடம் ‘ரன்னிங் ரூம்’. ரயில்வேக்கு வெளியே யாரிடமாவது சொன்னால் உள்ளே டிரெட்மில் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

தமிழ் ‘ஓட்டு’ வரும் எல்லா இடத்திலும் ‘ரன்’ போட முடியாது என்றீர்களே, எங்கே?

ஏர் ஓட்டுவது ‘ப்ளவ்’. வியாபாரம் இல்லாமல் கடையில் ஈ ஓட்டுவதற்கு ‘ரன்’ கிடையவே கிடையாது. ‘என்னை ஓட்டாதீங்க’ என்று கேலிக்குச் சொல்வதற்கும் கிடையாது. ஆட்டை ஓட்டிக்கொண்டு போவது ‘டிரைவ்’. ஆனால் ஆடு மாடு வைத்து மேய்த்துத் தொழில் செய்வதற்கு அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ‘ரன்’ உண்டு. காங்கேயம் பக்கம் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், இருபது உருப்படி மாடு வைத்திருப்பவர் அங்கே பிறந்திருந்தால் ‘ஐ ரன் ட்வென்ட்டி ஹெட்’ என்றிருப்பார்.

‘ரன் இட் பை மீ’ என்றால்?

என்னிடம் ஒரு தடவை காட்டிவிட்டு, என் அபிப்பிராயம் கேட்டுவிட்டுச் செய் என்று பொருள். உத்தரவு மாதிரி இருக்காது, ஆனால் மேலதிகாரி சொன்னால் உத்தரவுதான்.

லேபிள் டிசைன் அனுப்பினேன். பையர் ‘லெட்ஸ் ரன் வித் இட்’ என்று பதில் போட்டிருக்கிறார். ஓடிவிடச் சொல்கிறாரா?

இல்லைங்க, அதுவே இருக்கட்டும், மேலே போகலாம் என்கிறார். ‘அப்ரூவ்டு’ என்று ஒரு வார்த்தை மெயிலில் எழுதி வாங்கிக்கொண்டு பிரிண்டிங்குக்குக் கொடுத்துவிடுங்கள்.